நீலகிரித் தைலத்துக்கு எது பொருந்தும்: நானோ பால்மமா, திடக்கொழுப்பு நானோதுகளா?

உதகை, கோத்தகிரிப் பகுதிகளில் வடிக்கப்படும் நீலகிரித் தைலத்தைத் தோல்பூச்சாக மாற்ற விரும்புவோர், தைலத்தைச் சுமந்து செல்லும் எந்த நுண்கடத்தியைத் தேர்வது என்று தயங்குகின்றனர். நானோ பால்மம் என்பது நீரில் மிகநுண்ணிய எண்ணெய்த் துளிகள் பரவிய கலவை; திடக்கொழுப்பு நானோதுகள் என்பது தைலத்தை உள்ளடக்கிய மிகநுண்ணிய திடக்கொழுப்புத் துகள். தைலத்தின் முதன்மைக் கூறான சினியோல் விரைவில் ஆவியாகும் என்பதால், அதைத் தோலில் சற்று நேரம் நிறுத்துவதே இங்கு முதற்கேள்வி.

செலவு: நானோ பால்மம், பரப்புச்செயலியின் (எண்ணெயையும் நீரையும் கலந்து நிற்கச் செய்யும் பொருளின்) விகிதம் சரியாக அமைந்தால், எளிய கலக்கியிலேயே உருவாகும். திடக்கொழுப்புத் துகளுக்கோ கொழுப்பை உருக்கி உயர் அழுத்தக் கருவியில் செலுத்துவதே வழக்கம்.

நீடிப்பு: பால்மத்தின் சிறுதுளிகள் கரைந்து பெருந்துளிகளைச் சேர்வதால் அது நாளடைவில் கலங்கும். திடத்துகள் ஆவியாதலைக் குறைக்கும். ஆயினும் சேமிப்பின்போது கொழுப்பு மேலும் ஒழுங்காகப் படிகமாகி, உள்ளிருக்கும் தைலத்தை வெளியே தள்ளக்கூடும். சிறிது திரவக் கொழுப்பைக் கலந்தால் இக்குறை தணியும் என்பதால், தைலங்களுக்கு அந்தக் கலப்பு வகையே மேல் என்பது என் உறுதியான கருத்து.

தோல்: திடத்துகள் மென்படலமாகப் படிந்து ஈரம் காக்கும். பால்மம் பிசுபிசுப்பின்றிப் பரவும். பரப்புச்செயலி மிகுந்தால் எரிச்சல் தரும்.

சிறு அளவில் செய்து உடனுக்குடன் விற்போருக்குப் பால்மம் போதும். மலைக்குளிரில் வறண்டு வெடிக்கும் தோலுக்கும், மாதக்கணக்கில் இருப்பு வைப்போருக்கும் கொழுப்புத் துகளே, அதிலும் திரவக் கொழுப்பு கலந்த வகையே, ஏற்றது. சிறு குழந்தைகளின் முகத்தில் இரண்டையுமே பூசக் கூடாது.