தேனீப் பெட்டியைக் கிலோ கணக்குக் கூலிக்கு ஒப்படைக்காதீர்கள்

தேனீப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எட்டுப் பெட்டியில் ஆறை இழந்துவிட்டு எழுதுகிறேன்.

எட்டுப் பெட்டி அடுக்குத் தேனீ வாங்கினேன். விற்றவரே வந்து பராமரிப்பதாகச் சொன்னார், கூலி மட்டும் எடுக்கும் தேனின் எடைக்கு ஏற்றபடி. தேன் கிடைத்தால்தானே கொடுக்கப் போகிறோம், நல்ல ஏற்பாடுதான் என்று ஒத்துக்கொண்டேன். அங்கேதான் ஏமாந்தேன். எடைக்குக் கூலி என்றால் தேனில் இருக்கும் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கூலி.

பூப்பருவம் தொடங்கியதும் வாரம் தவறாமல் தேன் எடுத்தார். "எடுக்க எடுக்கத்தான் ஈ சுறுசுறுப்பா வேலை செய்யும்ணே" என்றார், நானும் நம்பினேன். ஈக்கள் அடை கட்டும் மரச் சட்டங்களை வெளியே எடுத்தபோது பக்கத்தில்தான் நின்றேன், அடையில் பாதிக் கண்ணுக்கு மேல் மெழுகு மூடியே இல்லை, லேசாகச் சாய்த்தாலே சொட்டியது. அது இன்னும் தேனாகாத மதுரம், அதாவது பூவிலிருந்து ஈ கொண்டுவந்த இனிப்பு நீர். ஈக்கள் சிறகடித்துக் காற்று வீசி அதன் ஈரத்தை வற்றவைத்து, பதம் வந்த பிறகுதான் மெழுகால் மூடும். அதுவரை பொறுக்காமல் எடுத்தால் எடை கூடும், தேன் தங்காது.

தங்கவும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு பாட்டிலின் மூடியைத் திருகினேன், சோடா திறந்த மாதிரி உஸ்ஸென்று காற்று வந்தது, மேலே விரல் தடிமனுக்கு வெள்ளை நுரை, நாக்கில் வைத்தால் புளிப்பு. ஈரப்பதம் பார்க்கும் கருவியில் ஒரு துளி வைத்துப் பார்த்ததில் 24 சதவீதம். கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரவிதியில் பொதுவான உச்ச வரம்பே 20தான். அவரிடம் கேட்டால், "காய்ச்சிட்டா சரியாயிடும்ணே" என்கிறார்! காய்ச்சினால் நுரை அடங்கும், உண்மைதான். ஆனால் தேனில் இருக்கும் நொதிகள் போய்விடும், சர்க்கரை சூடாவதால் உண்டாகும் எச்எம்எஃப் என்கிற பொருள் ஏறும், புளித்த ருசி மட்டும் அப்படியே இருக்கும்.

இதைவிட வயிறு எரிந்தது இன்னொன்றுக்கு. மேலே தேன் அறையில் தேன் போதாத நாளில் கீழே ஈக்குஞ்சுகள் வளரும் புழு அறைச் சட்டங்களையும் சேர்த்துத் தேன் எடுக்கும் கருவியில் போட்டுச் சுற்றியிருக்கிறார். அந்தக் கருவியைக் கழுவப் போனபோது அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் மிதந்தன. முட்டை ஈயாக மூன்று வாரம் போல ஆகும், அப்புறம் இன்னும் இரண்டு மூன்று வாரம் கூட்டுக்குள் வேலை பார்த்துவிட்டுத்தான் அது பூவுக்குப் போகும். இன்றைக்குப் புழுவை அழித்தால் அடுத்த மாதம் பூ நிறைந்திருக்கும்போது போவதற்கு ஈ இருக்காது. விளைச்சல் குறைந்ததற்கு அவர் சொன்ன காரணம், "இந்த வருஷம் பூ சரியில்ல".

சரி, குறைந்த எடையை எப்படி ஈடுகட்டினார் தெரியுமா? ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பெட்டியைத் திறந்தேன், பூ இருக்கும் காலத்திலேயே உள்ளே சர்க்கரைப் பாகு வைத்திருந்தார். பாகு பூவில்லாத காலத்தில், தேன் அறையை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டியது. பருவத்தில் கொடுத்தால் ஈக்கள் அதையும் தேனறையில்தான் சேர்த்து வைக்கும், நாம் அதைத்தான் தேன் என்று பாட்டிலில் பிடிப்போம். ஆனால் கடைசியில் பூ முடிந்து கூட்டில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இருந்தபோது, அதாவது உண்மையாகவே பாகு தேவைப்பட்டபோது, ஆள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அடுக்குத் தேனீ தீனி இல்லையென்றால் கூட்டைக் காலிசெய்துவிட்டுப் பறந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாக ஆறு பெட்டி போனது. கறுத்த பழைய அடைகளில் மெழுகுப் பூச்சியின் நூலாம்படைதான் மிஞ்சியது, அந்த அடைகளை அவர் ஒருமுறைகூட மாற்றவில்லை.

ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வந்துபோகும் நாளுக்குக் கூலி பேசுங்கள். முக்கால்வாசிக்கு மேல் மூடிய சட்டத்தை மட்டும் எடுக்க வேண்டும், புழு அறையில் கை வைக்கக் கூடாது, ஈக்களுக்கென்று தேன் விட வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். எடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள், ஒவ்வொரு சட்டத்தையும் கையில் வாங்கிப் பாருங்கள். பாட்டிலில் ஊற்றிய பிறகு வெறும் கண்ணால் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

மீதி இரண்டு பெட்டியை இப்போது நானே பார்க்கிறேன். ஒன்றில் ராணி நன்றாக முட்டை வைக்கிறது. இந்தப் பருவம் இரண்டிலும் தேன் எடுக்கப் போவதில்லை.