தீர்த்தன் பள்ளத்தாக்கில் எனக்குக் காட்டப்பட்ட "காட்டு மீன்"

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்திலுள்ள தீர்த்தன் பள்ளத்தாக்கில், குளிர்ந்த மலையாறுகளில் வாழும் டிரவுட் மீனைப் பிடிக்க இணையம் வழியாக முன்பதிவு செய்ய எண்ணுபவர்கள், கடந்த ஏப்ரலில் எனக்கும் என் மைத்துனருக்கும் நேர்ந்ததைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்பாட்டாளரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் ஏமாற்றிய முறையை மட்டும் விவரிக்கிறேன்.

மூன்று நாட்கள், இருவருக்கு 28,000 ரூபாய் என்று பேசி, அதில் 20,000 ரூபாயை அவருடைய தனிப்பட்ட கணக்குக்கு முன்கூட்டியே அனுப்பினோம். பொய்ப்பூச்சியை நீர்மேல் வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்குக்கான தூண்டில்கள், மீன்வளத் துறையின் உரிமம், பெரிய இமயமலைத் தேசியப் பூங்காவுக்குள் ரோலா என்ற இடம் வரை நடைப்பயணம், அந்த உள்மலை நீரில் பிரவுன் டிரவுட் என்ற வகைக் காட்டு மீன் ஆகியவை அவர் அளித்த வாக்குறுதிகள். 1909-இல் காஷ்மீரிலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து குல்லு பகுதியில் பெருக்கிய மீன்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தீர்த்தன் ஆற்றில் தாமாகவே இனப்பெருக்கம் செய்கின்றன என்பதுதான் என்னை அவ்வளவு தூரம் இழுத்தது.

முதல் நாள் எங்கள் கையில் கொடுக்கப்பட்டது நூல் சுற்றும் உருளை பொருத்திய சாதாரணத் தூண்டிலான ஸ்பின்னிங் ராடும் ஒரு டப்பா மண்புழுவும். நான் மறுத்த பிறகு, மேற்பூச்சு வெடித்த லைனுடன் (தூண்டில் நூலுடன்) ஒரு பழைய ஃப்ளை ராடு வந்தது. இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சிக்குக் கிட்டத்தட்ட எடையே கிடையாது. லைனின் எடைதான் அதை வீசிச் செல்கிறது என்பதால், வெடித்த லைனை வைத்துக்கொண்டு எவ்வளவு பழகியவரும் ஒழுங்காக வீச முடியாது.

ரோலா பயணம் "வழி சரியில்லை" என்று கைவிடப்பட்டது. பூங்காவுக்குள் நுழைய வனத்துறையிடம் பெற வேண்டிய அனுமதியை அவர் கேட்கவே இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. அதற்கு ஈடாக, கிளையாறு ஒன்றின் ஓரத்தில் கற்களை அடுக்கி மறித்திருந்த ஒரு மடுவுக்கு எங்களை அழைத்துச் சென்றார். அங்கே நான் கண்டதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காட்டு டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும். ஆள் நிழல் விழுந்தாலே மறைந்துவிடும் என்பதால், அதன் பின்புறமாக, நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் ஓசையின்றி அணுகுவதே வழக்கம். இந்த மடுவிலோ நாங்கள் கரையில் வந்து நின்றதும் ஏழெட்டு மீன்கள் எங்கள் நிழலை நோக்கி முண்டியடித்துக்கொண்டு வந்தன. மனித நிழல் என்றால் தீவனம் என்று கற்றுக்கொண்ட மீன்கள் அவை.

பிடிபட்ட மீனின் விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடியது. வால் முழுவதும் கரும்புள்ளிகள். பிரவுன் டிரவுட்டின் உடலில் வெளிர்வளையம் சூழ்ந்த செம்புள்ளிகள் இருக்கும், வாலில் புள்ளிகள் அரிதாகவே காணப்படும். ஆகவே இது ரெயின்போ டிரவுட் என்ற வேறு வகை. சிமெண்டுத் தொட்டியில் உரசி வளர்ந்த மீனுக்கே உரிய வகையில் அதன் முதுகுத் துடுப்பும் தேய்ந்திருந்தது. நார்வே நாட்டு உதவியோடு பட்லிகுல் என்ற ஊரில் நடந்த வளர்ப்புத் திட்டத்துக்குப் பிறகு குல்லு மாவட்டத்தில் ரெயின்போ பண்ணைகள் பெருகியுள்ளதால், உயிர்மீன் வாங்கி மடுவில் விடுவது அவருக்குக் கடினமான வேலையன்று. அன்று மாலை சமையற்காரர் மீனை அறுத்தபோது, வயிற்றில் ஒரு பூச்சியும் இல்லை. ஊறிப்போன தீவன உருண்டைகளே இருந்தன. (மீன் சுவையாகத்தான் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

அவர் காட்டிய உரிமச் சீட்டு வேறொருவர் பெயரில், கடந்துபோன தேதிக்கு எழுதப்பட்டிருந்தது. மீன்வளத் துறையினர் சோதனைக்கு வந்திருந்தால் பிடிபட்டிருப்பது நாங்கள்தான். உரிமத்தை அங்குள்ள மீன்வளத் துறையிடம் நாமே நேரில் சென்று சிறு கட்டணத்தில் பெறலாம். அதற்கு இடைத்தரகர் தேவையில்லை. முன்பணம் அனுப்புவதற்கு முன் டிசம்பரில் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். இனப்பெருக்கக் காலம் என்பதால் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய டிரவுட் பிடிக்க அங்கே தடை உள்ளது. என் நண்பர் கேட்டபோது இந்த ஏற்பாட்டாளர் "தாராளமாக வாருங்கள்" என்றார்.

பலமுறை கேட்ட பிறகு 4,000 ரூபாய் மட்டும் திரும்பி வந்தது. சென்ற வாரம் அவருடைய புதிய விளம்பரத்தைப் பார்த்தேன். "ரோலாவில் பிடிபட்ட காட்டு டிரவுட்" என்ற வரிக்கு மேல், நீலத் தொப்பியுடன் அந்தப் பண்ணை மீனை ஏந்திச் சிரித்துக்கொண்டு நிற்பவன் நான்தான்.