டவர் பக்கத்தில் விநோத சிக்னல்: டாங்கிளா, டைனிஎஸ்ஏ அல்ட்ராவா?

சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டி ஒரு மொபைல் டவர். "இருக்கக் கூடாத எடத்துல சிக்னல் தெரியுதுங்கண்ணா, எதை வாங்கிப் பார்க்கறது?" என்று ஒரு தம்பி கேட்டார்.

விலை: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரேடியோ ரிசீவர்) மலிவு, ஆனால் லேப்டாப் வேண்டும்.
டைனிஎஸ்ஏ அல்ட்ரா (எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கையடக்கக் கருவி) விலை பல மடங்கு. திரை, பேட்டரி எல்லாம் கையிலேயே.

எட்டும் அலைவரிசை: டாங்கிள் சுமார் 1,700 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மொபைலுக்கான 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் டவர் அனுப்பும் 935–960 தெரியும்; 1800 பேண்டின் 1805–1880 தெரியாது.
அல்ட்ரா 3,300க்கு மேலுள்ள 5ஜி வரை காட்டும்.

நம்பகம்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டாங்கிள் வெறும் 8 பிட்; பெரிய சிக்னலையும் சின்னதையும் ஒருசேரச் சமாளிக்காது. டவரடியில் திணறிப்போய், இல்லாத சிக்னலையும் காட்டும். ஆண்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவே 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு துண்டு) போட்டுப் பாருங்கள். நிஜ சிக்னல் 10 குறையும். பலமான சிக்னல்கள் கலந்து கருவிக்குள்ளேயே பிறந்த போலி சிக்னல் (மூன்றாம் படிக் கலப்பு) 30 குறையும். அல்ட்ராவும் இதற்கு விலக்கல்ல. 10 மட்டும் குறைந்தால் சங்கதி வெளியே இருக்கிறது. துருப்பிடித்த தகரக் கூரை, லூசான கனெக்டர் கூட இரண்டு அலைகளைக் கலந்து மூன்றாவதை உண்டாக்கிவிடும்.

சரி, கற்றுக்கொள்ளவும் 900 பேண்டை மட்டும் பார்க்கவும் டாங்கிள் போதும். டவர் டவராக அலைபவருக்கு அல்ட்ராதான். தம்பிக்கு டாங்கிளே சொன்னேன். குடோன் கூரையை அவரே பார்த்துக்கொள்ளலாம், டவரில் கை வைக்க நிறுவனத்து ஆள்தான் வர வேண்டும்.