சாய்ப்பு அடுக்களையில் ஏழு வருடம்

எங்கள் அடுக்களையின் மேற்குச் சுவர் 6 அடி 3 இஞ்ச் உயரம். கிழக்குச் சுவர் 11 அடி. இரண்டுக்கும் நடுவே 9 அடி அகலம். ஓர் அடி நகர்ந்தால் கூரை ஆறு இஞ்சுக்கு மேல் ஏறும், இல்லையென்றால் இறங்கும். 14 அடி நீளத்துக்கும் இப்படித்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பழைய வீடுகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வீட்டின் பின்சுவரில் தொடங்கித் தோட்டத்தைப் பார்த்துச் சரியும் ஓட்டுச் சாய்ப்பு, அதற்குள் அடுக்களை. 2018-இல் இதைப் புதுப்பித்தோம். 2019-இல் பாதியைப் பிரித்து மறுபடியும் செய்தோம். இரண்டு முறையும் கற்றுக்கொண்டதை, சாய்வான கூரைக்குக் கீழே சமையலறை அமைக்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். பின்னால் நின்ற பலா மரத்தின் பெரிய கிளை சாய்ப்பின் மேல் விழுந்தது. ஓட்டைத் தாங்கும் சரிவு மரங்களில், அதாவது கைமரங்களில், இரண்டு முறிந்து, அறுபது ஓடுகளுக்கு மேல் போய்விட்டன. கூரையில் எப்படியும் கை வைக்க வேண்டும், அடுக்களையையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

வேலையை எடுத்தவர் மாடுலர் கிச்சன் செய்கிறவர். கான்கிரீட் வீடுகளில் அவர் செய்த இரண்டு அடுக்களைகளை நேரில் போய்ப் பார்த்தோம், நன்றாகவே இருந்தன. "சாய்வே தெரியாமல் பண்ணிவிடலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நாங்கள் விழுந்தோம். ஏழரை அடி உயரத்தில் ஜிப்சம் போர்டால் தட்டையாக ஃபால்ஸ் சீலிங், மேற்கே கடைசி இரண்டரை அடி மட்டும் கூரையோடு சேர்ந்து சரிவாக இறங்கும். மேற்குச் சுவரில் சிங்க், அடுப்பு, அதற்கு மேல் வரிசையாகக் கப்போர்டு. படத்தில் அழகாக இருந்தது.

முதல் வாரமே கப்போர்டு கதவு இடித்தது. மேல்நோக்கித் திறக்கும் ஹைட்ராலிக் கதவுகள் அவை. பாதி ஏறியதும் மேல் விளிம்பு சரிவில் முட்டி நின்றுவிடும். பாதி திறந்த கதவின் முனை சரியாக என் நெற்றி உயரத்தில் இருக்கும். கதவைக் கழற்றிப் பக்கவாட்டுக் கீல் போட்டு அதைச் சரி செய்தோம். ஆனால் பெட்டி சதுரம், கூரை சரிவு. ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் முக்கோணமாக ஒரு சந்து மிஞ்சியது. துணியும் போகாது, கையும் போகாது. ஆறு மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் கரப்பானும் அங்கே குடியேறிவிட்டன.

அடுப்பு இன்னும் மோசம். மேடை 34 இஞ்ச், அதன் மேல் அடுப்பு 4 இஞ்ச். சிம்னிக்கும் அடுப்புக்கும் நடுவில் குறைந்தது 26 இஞ்ச் இடைவெளி வேண்டும். கூட்டினால் 64 இஞ்ச். சுவரே 75 இஞ்ச்தான். மிச்சம் 11 இஞ்சில் எந்தச் சிம்னியும் உட்காரவில்லை. கடைசியில் சிம்னியே இல்லாமல், சீலிங்குக்குக் கீழே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைத்தார்கள். மீன் பொரித்த மணம் மறுநாள் காலைக் காப்பி வரைக்கும் நிற்கும்.

பழைய அடுக்களையில் அப்படி நின்றதில்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகப் புகையும் ஆவியும் போய்க்கொண்டே இருந்தன. சீலிங் அந்த வழியை அடைத்துவிட்டது. அதற்கு மேலே, கிழக்குச் சுவர் பக்கம் மூன்றரை அடி உயரத்துக்கு ஓர் இருட்டுப் பொந்து உருவாகிவிட்டது. ராத்திரியில் எலி ஓடும் சத்தம். அவை ஒயரைக் கடித்து இரண்டு முறை லைட் போனது. அந்த வருடம் மழையில் எங்கோ ஓர் ஓடு நகர்ந்திருக்கிறது. முன்பென்றால் சொட்டுகிற இடம் கண்ணுக்குத் தெரியும், நகர்ந்த ஓட்டை ஒரு கம்பால் தள்ளி இடத்தில் வைத்தால் சரியாகிவிடும். இப்போது தண்ணீர் ஜிப்சத்தில் ஊறி, தேநீர்க் கறை போலப் பரவி, ஒருநாள் மதியம் இரண்டடி அகலத் துண்டு அப்படியே தொங்கிவிட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

அன்று அத்தை அந்தத் தொங்கலைப் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது: "நாங்க நின்னுட்டா சமைச்சோம் மக்ளே? அடுப்பு தரையில, அம்மி தரையில. குனிஞ்சு வந்து உக்காந்தா எந்திரிக்க மத்தியானம் ஆவும். தலைக்கு மேல எவ்வளவு இடம் இருந்தா என்ன?"

எத்தனையோ நாள் அந்தக் கூரையைக் குறை சொல்லியிருக்கிறேன். அது உட்கார்ந்து சமைத்தவர்களுக்காகப் போட்ட கூரை. உயரமான பக்கம் நடப்பதற்கும் புகை மேலேறுவதற்கும், தாழ்ந்த பக்கம் உட்கார்வதற்கும் என்று அதற்கு ஒரு கணக்கு இருந்தது. நாங்கள் அடுப்பை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினோம், ஆனால் எங்கே தூக்குவது என்று யோசிக்கவில்லை. சாய்வை மறைப்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் நிற்போம், எந்த இடத்தில் உட்காருவோம், எங்கே வெறுமனே பொருள் இருக்கும் என்று பிரித்துப் பார்த்திருந்தால் முதல் முறையே சரியாக வந்திருக்கும்.

2019 மே மாதம் சீலிங்கையும் மேற்குச் சுவர்க் கப்போர்டுகளையும் கழற்றினோம். இந்த முறை எங்கள் ஊர் ஆசாரியையும் கொத்தனாரையும் வைத்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் நின்று தலைக்கு மேல் டேப் பிடித்துப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினோம். என் உயரம் 5 அடி 3, கணவர் 5 அடி 10. சிங்க்கில் பாத்திரம் கழுவுகிறவர் சுவரிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நிற்பார். அந்த இடத்தில் கூரை 7 அடிக்கு மேல் இருக்கிறது. ஆகவே சிங்க் மேற்குச் சுவரிலேயே இருக்கட்டும், தலைக்கு மேல் மட்டும் ஒன்றும் வேண்டாம் என்று முடிவாயிற்று. கப்போர்டு இருந்த இடத்தில் 26 இஞ்ச் உயர ஜன்னல் வந்தது. சுவரைத் தாண்டி நிற்கும் கூரை விளிம்பான இறவாணம் இரண்டடி நீண்டு இறங்குவதால் அடைமழையிலும் அந்த ஜன்னலை மூட வேண்டியதில்லை. ஏழு வருடத்தில் செய்த எல்லா மாற்றத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுப்பு தெற்குப் பக்கச் சுவருக்கு, கிழக்கு மூலையை ஒட்டிப் போனது. அங்கே தலைக்கு மேல் ஒன்பதரை அடி. சிம்னி தாராளமாக உட்கார்ந்தது. குழாய் வளையாமல் நேராகச் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. வளைவு குறைந்தால் இழுப்பு கூடும், பிசுக்கும் தேங்காது. அதே சுவரில் முக்கோணத்தின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தோம். சூடும் ஆவியும் தானாகவே சாய்வில் ஏறி அந்த உச்சிக்குத்தான் வந்து சேர்கின்றன. முன்பு ஃபேன் இருந்தது சீலிங்குக்குக் கீழே, இப்போது அதற்கும் இரண்டடி மேலே. ஃபேன் அதே பழைய ஃபேன்தான். வறுத்த வாசம் அரை மணி நேரத்தில் போய்விடுகிறது.

கூரைக்குக் கீழே ஒன்றுமே வேண்டாம் என்பது அத்தையின் கட்சி. ஆனால் ஓட்டுத் தூசியும் பல்லி எச்சமும் விழும், மேற்கு வெயிலில் பிற்பகல் ஓடு கொதிக்கும். அதனால் கைமரங்களுக்கு நடுவே, சரிவோடு சரிவாக, 8 மில்லிமீட்டர் சிமென்ட் ஃபைபர் போர்டுகளை ஸ்குரூ போட்டு நிறுத்தினோம். கைமரங்கள் வெளியே தெரியும். போர்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே மூன்று இஞ்ச் காற்று. மேல் விளிம்பில் சுவரை ஒட்டி இரண்டு இஞ்ச் இடைவெளி விட்டு, எலி நுழையாமல் கம்பி வலை. எங்காவது சொட்டினால் அந்த ஒரு போர்டின் ஆறு ஸ்குரூவைக் கழற்றினால் போதும். 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளக்காடாகக் கிடந்தபோது ஒரு போர்டைக் கழற்றினேன், ஓட்டைச் சரி செய்தேன், மறுநாள் மாட்டினேன். அன்று ஜிப்சம் இருந்திருந்தால் அடுக்களை மொத்தமும் ஊறியிருக்கும்.

உண்மையில் சாய்ப்பில் ஒழுகுவது பெரும்பாலும் ஓட்டில் அல்ல, சாய்ப்பு வீட்டுச் சுவரைத் தொடுகிற கோட்டில்தான். அங்கே சிமென்ட் பூசுவார்கள். வெயிலில் மரம் ஒரு பக்கம் அசையும், சுவர் அசையாது, பூச்சு வெடித்துவிடும். இரண்டு தடவை பூசி இரண்டும் வெடித்தன. பிறகு கொத்தனார் சுவரில் ஒரு இஞ்ச் ஆழத்துக்குக் காடி வெட்டி, அலுமினியத் தகட்டின் ஒரு விளிம்பை அதில் செருகி, மறு விளிம்பை ஓட்டின் மேல் மடித்துவிட்டார். தகடு ஓட்டோடு ஒட்டவில்லை, சும்மா மேலே படிந்திருக்கிறது. அதனால் மரம் அசைந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. 2019-இலிருந்து அந்தக் கோட்டில் ஒரு சொட்டுக்கூட இல்லை. பட்ஜெட் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சாமான்கள் வைக்கும் இடம் கிழக்குச் சுவர் முழுவதும். ஏழடி வரைக்கும் அலமாரி, அதற்கு மேல் பரண். அண்டா, உருளி, பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் இட்லிக் கொப்பரை எல்லாம் அங்கே. இதில் ஒரு தவறு செய்தேன். முதல் வருடம் கருப்பட்டிச் சிப்பத்தைப் பரணில் வைத்தேன். ஆவியும் சூடும் போய்ச் சேரும் இடம் அதுதானே. ஐப்பசியில் எடுத்துப் பார்த்தால் ஓலைக்குள்ளேயே இளகி, கீழே பலகையில் கறுப்பாக வழிந்திருந்தது. இப்போது கருப்பட்டி, அப்பளம், வற்றல் எல்லாம் கீழ்த்தட்டில்தான். பரணில் உலோகப் பாத்திரம் மட்டும்.

வடமேற்கு மூலையை ஆசாரி கேபினட்டால் நிரப்பச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அங்கே 16 இஞ்ச் உயரத்தில் ஒரு கடப்பா கல் திண்டு, அதன் அடியில் இரண்டு டிராயர். அத்தை அதில் உட்கார்ந்துதான் அரிவாள்மனையில் காய் நறுக்குவார், தேங்காய் துருவுவார். கூரை அவர் தலைக்கு மேல் கை எட்டும் தூரத்தில் இறங்கி நிற்கும். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) வந்த நாட்களில் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். இரண்டு கிலோ கிழங்கை நின்றுகொண்டு உரித்தால் இடுப்பு என்னவாகும் என்று உரித்தவர்களுக்குத் தெரியும்.

வெளிச்சத்துக்காக நான்கு கண்ணாடி ஓடுகள் போட்டிருக்கிறோம், எல்லாம் சிங்க் பக்கம். அந்த இடத்தில் மட்டும் போர்டு இல்லை. பிற்பகல் மூன்று மணி வாக்கில் நான்கு வெளிச்சச் சதுரங்கள் மேடைக் கல்லில் விழுந்து மெல்லக் கிழக்கே நகரும். அந்த நேரத்தில் பாலையோ மாவையோ அங்கே வைக்கக் கூடாது, புளித்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை பாசி கழுவ வேண்டும். இரவுக்கு, சரிவில் டியூப் லைட் மாட்டாதீர்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து, நறுக்குகிற கையின் மேல் நம் நிழலே விழும். கைமரத்திலிருந்து வேலை செய்யும் இடத்துக்கு நேர் மேலே தொங்கும் இரண்டு சிறிய விளக்குகள் எங்களுக்குப் போதுமாக இருக்கின்றன.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது கான்கிரீட் அல்ல. எங்கள் கைமரங்கள் பனை. விறகடுப்பு இருந்த காலத்தில் புகை படிந்து படிந்து கறுத்து, உளுப்பூச்சி அண்டவில்லை என்று அத்தை சொல்வார். கேஸ் வந்த பிறகு மாவு கொட்டத் தொடங்கியது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசுகிறோம். அதைப் பூசும்போது கையுறை கட்டாயம், தோலில் பட்டால் வெந்துபோகும். வாசம் ஒரு வாரம் நிற்கும். கூடவே முப்பது ஓடுகளை எப்போதும் மாற்றுக்கு வைத்திருங்கள். 1865-இல் பாசல் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய இந்த வகை ஓட்டைப் பிறகு எத்தனையோ சூளைகள் செய்தன, அளவும் காடியும் ஒவ்வொன்றிலும் சற்று மாறும். முறிந்த இடத்தில் வேறு சூளை ஓட்டைப் போட்டோம், பூட்டு சரியாக உட்காராமல் அந்த வரிசையே ஒழுகியது. பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் போய், அடிப்பக்க முத்திரை பார்த்துத் தேடி எடுத்துவந்தோம்.

இன்னும் தீராதது பின்வாசல். இறவாணத்தின் நுனி தரையிலிருந்து 5 அடி 2 இஞ்ச்தான். என் கணவரும் பையனும் குனிந்துதான் தோட்டத்துக்குப் போக வேண்டும், மாதம் ஒருமுறையாவது யாராவது இடித்துக்கொள்கிறார்கள். கதவுக்கு நேராக மட்டும் ஒரு வரிசை ஓட்டைக் குறைத்தால் ஆறு இஞ்சுக்குப் பக்கத்தில் உயரம் கிடைக்கும் என்கிறார் ஆசாரி. ஆனால் அவ்வளவு தூரத்துக்குச் சாரல் உள்ளே வரும், கதவின் அடிச்சட்டம் ஊறும். ஆனி ஆடி மழை முடிந்ததும், அந்த இடத்தில் ஒரு தகரத்தைத் தற்காலிகமாகக் கட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாக இருக்கிறோம். அதுவரைக்கும் இறவாண நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருக்கிறேன்.