கிருஷ்ணகிரியில் கிராபிக்ஸ் கார்டு பழுது: பெங்களூர் ரோட்டுச் சந்துக் கடை பற்றி

கிராபிக்ஸ் கார்டில் கோளாறு என்று சந்தேகம் வந்தால் கிருஷ்ணகிரியில் யாரிடம் போவது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கடையைத்தான் கை காட்டுவேன். பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பெரிய பெயர்ப்பலகை கிடையாது. கண்ணாடி அலமாரியில் புதுக் கார்டுகளும் அடுக்கியிருக்காது. இரண்டு மேஜை, ஒரு பழைய மானிட்டர், கேபினெட் இல்லாமல் மரப்பலகையிலேயே திருகி வைத்த ஒரு டெஸ்ட் மெஷின், அவ்வளவுதான். ஆனால் பழுது எங்கே என்று தெரியாமல் எந்தப் பொருளையும் மாற்றச் சொல்லாத ஆள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

எனக்குக் காவேரிப்பட்டணத்தில் வீட்டோடு சேர்ந்த சின்ன ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங், மாம்பழ சீசனில் மாங்கூழ் டின்களுக்கு லேபிள் டிசைன். மெஷினில் ஐ5 10400 பிராசசர், 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். இந்தக் கார்டு 2019 அக்டோபரில் வந்த மாடல், 6 ஜிபி மெமரி. விளையாடுகிறவர்களுக்கு இப்போது பழசாகத் தெரியலாம். பிரீமியர் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்ட எனக்கு இது தாராளம்.

வைகாசி முகூர்த்த வேலை மலையாகக் குவிந்திருந்த நேரத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. எடிட்டிங்கில் மணப்பெண் முகத்துக்கு மேலே பச்சையும் ஊதாவுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். நிறுத்தி மறுபடி ஓட்டினால் வேறு இடத்தில் வரும். இன்னொரு பக்கம், எக்ஸ்போர்ட், அதாவது முடித்த வீடியோவை ஃபைலாக வெளியே எடுக்கிற வேலை, பாதியில் இருக்கும்போது திரை கறுத்துவிடும், கார்டின் விசிறி முழு வேகத்தில் இரையும், பவர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பட்டனை அழுத்தி அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் பார்த்தால், கார்டை இயக்குகிற சாஃப்ட்வேரான டிஸ்பிளே டிரைவர் பதில் தரவில்லை என்று வரிசையாக எழுதியிருந்தது. கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸே டிரைவரை நிறுத்தித் திரும்ப ஓட்டப் பார்க்கும். அது கைகூடாதபோது திரை போய்விடுகிறது.

முதலில் வேறொரு இடத்தில் காட்டினேன். எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கார்டு போச்சுங்க. ஹீட் கன் வெச்சுப் பார்க்கலாம், நிக்கலைன்னா புதுசு 22,000 ஆகும்" என்றார்கள். ஹீட் கன் என்றால் சுடுகாற்று ஊதுகிற கருவி. கவரைக் கழற்றக்கூட இல்லை. அங்கிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆல்பம் பிரிண்ட் போடும் இடத்தில் இருந்த பையன்தான் இந்தச் சந்துக் கடையைச் சொன்னான்.

கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவரிடம் தெலுங்கில் பேசினார், நடுவில் வந்த போனில் கன்னடம், என் பக்கம் திரும்பித் தமிழ். நம்ம ஊரில் இது புதிதில்லை. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "அக்கா, புள்ளி எப்ப வருது? ஆன் பண்ணதுமேவா, சூடானப்புறமா?" சூடான பிறகுதான் என்றேன். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அப்புறம் என் எதிரிலேயே எக்ஸ்போர்ட் ஓட விட்டார். கட்டங்கள் தெரிந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைத் தன் போனுக்கு அனுப்பித் திறந்து காட்டினார். போனிலும் அதே ஊதாக் கட்டங்கள். மானிட்டரோ கேபிளோ கெட்டிருந்தால் படம் கார்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் கெடும், ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டிலேயே புள்ளி இருக்கிறதென்றால் படம் உருவாகிற இடத்திலேயே கெடுகிறது. இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டரே கதி என்று இருக்கிற எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆற விடாமல் உடனே ரீஸ்டார்ட் செய்து, டெலீட் பட்டனை அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வருகிற செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குப் போனார். நீலத் திரையின் ஓரத்தில் மூன்று நான்கு புள்ளிகள். "விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு பாருங்க. டிரைவரை எத்தனை தடவை போட்டாலும் இது போகாது." டிரைவரை முழுசாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்றுதான் ஊரெல்லாம் சொன்னார்கள், நானும் சேஃப் மோடில் அதைச் செய்திருந்தேன். அது ஏன் பலிக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்து கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டரை மதர்போர்டிலேயே சொருகினார். என் பிராசசரில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருக்கிற இன்டெல் பிராசசர்களில் அது கிடையாது, வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குவது நல்லது. கார்டு இல்லாமல் எக்ஸ்போர்ட் ஆமை வேகத்தில் ஊர்ந்தது, ஆனால் ஒரு புள்ளி கிடையாது, திரையும் கறுக்கவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் கார்டுதான் குற்றவாளி என்று முடித்திருப்பார்கள். இவர் முடிக்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்து, கார்டைத் திரும்ப மாட்டி, வேலை ஓடும்போது, மெஷினுக்கு மின்சாரம் தருகிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் லைனை அளந்தார். சும்மா இருக்கையில் 11.9. எக்ஸ்போர்ட் தொடங்கியதும் 11.2க்கு இறங்கியது. 12 வோல்ட்டில் 5 சதவீதம்தான் கூடலாம் குறையலாம், அதாவது 11.4க்குக் கீழே போகக் கூடாது. கார்டுக்குப் போகிற 8 பின் இணைப்பைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த 8 பின் வயரே இல்லாததால், மெஷினை அசெம்பிள் செய்தவர் மோலெக்ஸ் என்கிற பழைய வகை 4 பின் முனைகள் இரண்டைச் சேர்த்து ஒரு அடாப்டர் போட்டிருக்கிறார். வெள்ளை பிளாஸ்டிக்கில் மஞ்சள் வயர் நுழைகிற இடம் மட்டும் காபி நிறத்தில் பழுத்திருந்தது. மோந்து பார்த்தால் கருகிய வாடை. உள்ளே ஒரு பின் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தளர்ந்த பின்னில் கரன்ட் போனால் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். இந்தக் கார்டு 125 வாட் இழுக்கிறது. கார்டு சொருகியிருக்கிற மதர்போர்டு ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் எடுக்கலாம், மிச்சம் இந்த வயரில்தான் வரவேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எந்தக் கம்பெனி என்று அதில் இல்லை.

சரி, அப்போ கார்டு நல்லதா? கார்டைத் தன் டெஸ்ட் மெஷினில் மாட்டி ஓட விட்டார். அங்கே நல்ல சப்ளை. திரை கறுக்கவே இல்லை. ஆனால் சூடேறியதும் கட்டங்கள் வந்துவிட்டன. அப்போதுதான் சொன்னார்: "ரெண்டு பிரச்சினை அக்கா. ஒண்ணா வந்ததால ஒண்ணு மாதிரி தெரியுது." கறுப்புத் திரைக்குக் காரணம் எஸ்எம்பிஎஸ், கட்டங்களுக்குக் காரணம் கார்டு. 22,000 கொடுத்துப் புதுக் கார்டு போட்டிருந்தாலும் அதே எஸ்எம்பிஎஸ்ஸில் திரை கறுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கார்டை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். கிளம்பும்போது என் எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு கவரில் போட்டு நீட்டினார். "இதுல கல்யாணப் படமெல்லாம் இருக்கும், நீங்களே வெச்சுக்கங்க. டெஸ்ட்டுக்கு என்கிட்ட வேற டிஸ்க் இருக்கு." எத்தனை குடும்பத்துப் பெண்களின் படங்கள் அதில் இருக்கின்றன என்று எனக்குத்தான் தெரியும். நான் கேட்காமலே அவர் இதைச் செய்தார். என்னைப் போலத் தொழில் செய்கிற பெண்கள் இந்த ஒன்றுக்காகவே அந்தக் கடைக்குத் தைரியமாகப் போகலாம்.

கார்டைப் பிரித்தபோது எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சிப்புக்கு மேலே இருக்கிற தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி பொருக்குத் தட்டியிருந்தது. மெமரி சிப்புகளுக்கும் சூட்டை வெளியேற்றுகிற உலோகத் துடுப்புக் கட்டையான ஹீட்சிங்குக்கும் நடுவில் வைக்கிற தெர்மல் பேடுகள் எண்ணெய் கசிந்து, தொட்டால் உதிர்ந்தன. துடுப்புகளுக்கு இடையில் மாவு போல வெள்ளைத் தூசு. எங்கள் வீடு ரோட்டோரம், கிரானைட் லாரிகள் போகாத நாள் கிடையாது. நான் வெப்பம் பார்க்கிற சாஃப்ட்வேரில் கோர், அதாவது நடுச் சிப்பின் சூடு மட்டும்தான் தெரியும். மெமரி தனியாக வெந்துகொண்டிருந்தது அதில் தெரியவே இல்லை.

பேடு மாற்றுவதில்தான் அவருடைய கைப்பக்குவம் தெரிந்தது. பழைய பேடை வெர்னியர் காலிபர் வைத்து அளந்து, அதே தடிமனில் புதுசு வெட்டினார். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் நடுச் சிப்பில் சரியாக உட்காராது, மெமரியைக் காப்பாற்றப் போய் கோர் வெந்துவிடும் என்று விளக்கினார். இரண்டு விசிறிகளில் ஒன்று சிக்கிச் சிக்கிச் சுற்றியது. செத்துப்போன இன்னொரு கார்டிலிருந்து எடுத்த விசிறியைப் போட்டார், அது பழசு என்பதைச் சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

ஹீட் கன் பற்றியும் கேட்டேன். தலையை ஆட்டினார். சிப்பைப் பலகையோடு ஒட்டியிருக்கிற, ஈயம் இல்லாத சாதாரண சால்டர் உருகவே 217 டிகிரி வேண்டும், கையில் பிடித்த ஹீட் கன்னில் அந்தச் சூடு எல்லா இடத்துக்கும் சமமாகப் போகாது. சில நாள் டிஸ்பிளே வரும், காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம், அப்புறம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும் என்றார். மெமரி சிப்பே கெட்டிருந்தால் அதை மாற்ற பெங்களூருக்குத்தான் அனுப்ப வேண்டும், இந்த விலைக் கார்டுக்கு அது கட்டுப்படியாகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

நல்லவேளை, சிப் கெடவில்லை. ஓசிசிடி என்கிற சாஃப்ட்வேரில் மெமரி டெஸ்டை நான் போய் உட்கார்ந்த பிறகு என் எதிரிலேயே ஒரு மணி நேரம் ஓட்டினார். பிழை எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. முன்பு எக்ஸ்போர்ட்டில் 84 டிகிரி வரை போன கோர், இப்போது என் அறையில் 70ஐத் தாண்டுவதில்லை. வைகாசி வேலை முழுவதையும் அதே கார்டில் முடித்துக் கொடுத்துவிட்டேன். ஒரு கட்டம் வரவில்லை.

செலவு: செக்கிங் சார்ஜ் 300, பேஸ்ட், பேடு, சர்வீஸ் எல்லாம் சேர்த்து 800, விசிறி 250, 550 வாட் ‘ப்ரான்ஸ்’ (Bronze) தர எஸ்எம்பிஎஸ் 3,900. மொத்தம் 5,250 ரூபாய். எதையும் வாங்காவிட்டாலும் செக்கிங் சார்ஜ் 300 கொடுத்தாக வேண்டும். சிலருக்கு இது உறுத்துவதைப் பார்த்தேன், என் எதிரிலேயே ஒருவர் சண்டை போட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. கண்டுபிடிப்பதற்கே கூலி கிடைக்கிற ஆளுக்குப் புதுப் பொருளைத் தலையில் கட்ட வேண்டிய அவசியம் வராது.

குறைகளும் உண்டு. வேலை மும்முரத்தில் போனை எடுக்க மாட்டார். நாளைக்கு என்று சொன்னது இரண்டு மூன்று நாள் இழுக்கும், அவசரமென்றால் போய் நின்றால்தான் நகர்கிறது. பில் நாமாகக் கேட்டால்தான் வருகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாரன்டிக்கு அது தேவை, கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய கார்டின் சர்வீஸுக்கு கேரன்டி கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். புதுக் கார்டு வேண்டுமென்றால் பெங்களூர் எஸ்பி ரோட்டிலிருந்து வரவழைத்துத்தான் தருவார், அதற்கு நாமே ஒரு நடை போய் வரலாம்.

சந்துக்குள் கார் போகாது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு சிபியுவைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும், பிள்ளைகள் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள். மானிட்டர் கேபிளையும் எடுத்துப் போங்கள், அதையும் அவர் சோதித்துப் பார்ப்பார். காலை பத்தரைக்கு மேல் திறக்கிறார். மதியம் கூட்டம் குறைவு.