நான்கு சீசன் ட்ரஃபிள் வாங்கியவனின் புலம்பல்

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: “ட்ரஃபிள் வாங்கலாம்னு இருக்கேன். நீங்கதான் வருஷா வருஷம் வாங்குறீங்களே, வாங்கலாமா, வேண்டாமா?” ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வாய் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாக்லேட் ட்ரஃபிளைத் தேடி வந்தவர்கள் மன்னிக்க. அது இதன் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். இது ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு கூட்டு வைத்துக்கொண்டு மண்ணுக்குள் விளைகிற பூஞ்சை. கறுப்பு, வெள்ளை, கோடை வகை என்று இருப்பதும், விலை என்ன லட்சணத்தில் இருக்கும் என்பதும் நண்பருக்கே தெரியும். அதனால் நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன்: ட்ரஃபிள் வாசனை என்று சொல்லி பாட்டிலில் விற்கிற ட்ரஃபிள் எண்ணெய்.

நானும் பலரைப் போல பாட்டிலில்தான் ஆரம்பித்தேன். இரண்டு வருஷம். மசித்த உருளைக்கிழங்கில் நாலு சொட்டு, பாஸ்தாவில் நாலு சொட்டு. மூடியைத் திறந்தாலே அடுத்த அறைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் முதல் முறையாக நிஜமான கறுப்பு ட்ரஃபிள் வந்தது. 24 கிராம், சின்ன எலுமிச்சை அளவு, சொரசொரவென்று தோல். மூக்கருகே கொண்டுபோனேன். ஈர மண், கொஞ்சம் கோகோ, தூரத்தில் வேகவைத்த சோளம். அவ்வளவுதான். பாட்டிலிலிருந்து பாய்ந்து வருகிற அந்தப் பூண்டும் கேஸும் கலந்த வாடையைக் காணோம். ஏமாற்றிவிட்டார்கள் என்றே முடிவு கட்டி, விற்றவருக்குக் காரசாரமாக ஒரு மெயில் போட்டேன். அவர் பொறுமையாகத் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: “இதற்கு முன்னால் எண்ணெய் பயன்படுத்தியிருக்கிறீர்களா?”

விஷயம் இதுதான். கடைகளில் கிடைக்கும் ட்ரஃபிள் எண்ணெய்களில் பெரும்பாலானவற்றுக்கு வாசனை கொடுப்பது 2,4-டைதயாபென்டேன் என்ற கந்தகச் சேர்மம். செயற்கையாகத் தயாரிப்பது. வெள்ளை ட்ரஃபிளில் இது இயற்கையாகவே இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அங்கே பக்கவாத்தியங்களோடு சேர்ந்து ஒலிக்கிறது; பாட்டிலில் அது மட்டும் தனி ஆவர்த்தனம். லேபிளைத் திருப்பினால் ‘அரோமா’, ‘ஃப்ளேவர்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அடியில் கிடக்கிற கறுப்புத் துணுக்கு அலங்காரத்துக்கு. இரண்டு வருஷம் இந்த ஒற்றை வாடையிலேயே பழகிய என் மூக்கு, அசல் வந்து நின்றபோது அதைப் போலி என்றது. 1990-ல் வெளியான ஓர் ஆய்வில், பன்றியும் நாயும் கறுப்பு ட்ரஃபிளைக் கண்டுபிடிப்பது டைமெதில் சல்ஃபைடு வாசனையை வைத்துத்தான் என்று காட்டினார்கள். நான் லேசாக உணர்ந்த அந்த வேகவைத்த சோள வாசனை அதுதான். பன்றிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நியாயமாகப் பேசினால், வறுத்த உருளைக்கிழங்கின் மேல் அந்த எண்ணெய் நன்றாகத்தான் இருக்கிறது. வேறு ஏதாவது பெயரில் விற்றால் எனக்கு அதனோடு சண்டையே இல்லை. அதற்காக, அசலைத் துண்டு போட்டு வீட்டிலேயே எண்ணெயில் ஊறவைக்கக் கிளம்பிவிடாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெயில் பாட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர வழியுண்டு, மணமும் நிற்காது.

சரி, திட்டியது போதும். முட்டைக்கு வருகிறேன்.

இரண்டாவது சீசனில்தான் இதைச் செய்து பார்த்தேன். ஒரு கண்ணாடி ஜாடியில் உடைக்காத ஆறு முட்டை, பேப்பர் டவலில் சுற்றிய ட்ரஃபிள், இறுக்கமான மூடி, ஃப்ரிட்ஜில் மூன்று நாள். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. ட்ரஃபிளின் மணம் கொழுப்பைக் கண்டால் விடாமல் பிடித்துக்கொள்ளும் ரகம். மஞ்சள் கருவில் கொழுப்புக்கா பஞ்சம்? மூன்றாம் நாள் காலை இரண்டு முட்டையை அடித்து, வெண்ணெயில் மிகச் சிறிய தீயில் கிளறினேன். ட்ரஃபிளை ஒரு சீவல்கூடப் போடவில்லை. ஓரம் கெட்டியாகத் தொடங்கி நடுவே இன்னும் தளதளவென்று இருக்கும்போது அடுப்பை அணைத்தேன். அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு மணம்! முதல் நாள் ‘இவ்வளவுதானா’ என்று நான் ஒதுக்கிய அதே வாசனை, அகலமாக, நிதானமாக. வெட்டாத, குறையாத ட்ரஃபிள் அப்படியே ஜாடியில் இருக்கிறது, சாப்பாடு முடிந்துவிட்டது. நான்கு சீசனில் இதற்கு ஈடான சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்கவில்லை, ட்ரஃபிள் சீவித் தூவிய ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோறு உட்பட. வெண்ணெய்க்கட்டியையும் திறந்தபடி அதே ஜாடியில் வைக்கலாம்.

அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள், அரிசி ஈரத்தை உறிஞ்சி ட்ரஃபிளைச் சுக்காக்கிவிடும். பேப்பரைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் வெள்ளைப் பூசணம் வந்து உட்காரும். முதல் ட்ரஃபிளைத் தராசில் வைத்துப் பார்த்தேன், ஆறே நாளில் 21 கிராம். மூன்று கிராம் காற்றோடு போய்விட்டது. பத்து நாளுக்கு மேல் என்னிடம் எதுவும் நன்றாக இருந்ததில்லை. ஜாடி மூடி சரியாக இறுகாத ஒரு தடவை, பக்கத்தில் இருந்த பிறந்தநாள் கேக்கும் மணத்தை வாங்கிக்கொண்டது. அன்று வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

சமையல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கறுப்பு லேசான சூட்டைத் தாங்கும்: பொடியாகத் துருவி, உருக்கி இறக்கிய வெண்ணெயில் போட்டு மூடி வைத்தால் போதும். வெள்ளையை அடுப்புப் பக்கமே காட்டக் கூடாது. தட்டில் சூடாக இருப்பதன் மேல் பச்சையாகச் சீவ வேண்டும், அவ்வளவுதான். கோடை வகை உள்ளே வெளிர் பழுப்பாக, மணம் குறைவாக இருக்கும். அதைக் கறுப்பு ட்ரஃபிளோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். சீவுவதற்கென்று தனியாக ஒரு கருவி வாங்கினேன். அதன் திருகு தளர்ந்துகொண்டே இருக்கிறது.

வாங்கும்போது முழுப் பெயரையும் பாருங்கள். டியூபர் மெலனோஸ்போரம் என்றால் அசல் குளிர்காலக் கறுப்பு; ஐரோப்பாவில் டிசம்பர் முதல் மார்ச் வரை, ஆஸ்திரேலியாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வெறுமனே ‘கறுப்பு ட்ரஃபிள்’ என்று போட்டு டியூபர் இண்டிகம் என்ற ஆசிய வகையைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு; பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும், மணம் இருக்காது. மூன்றாம் சீசனில் வேறொருவரிடம் வாங்கியது ரப்பர் மாதிரி இருந்தது. இந்தத் தடவை வந்ததோ வழியிலேயே இளகி, பிரித்தபோது விரல் உள்ளே போனது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். முட்டையைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இதென்ன என்றால், அந்த இளகல் இன்னும் விரலில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஜாடியை நேற்றுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மூடியின் ரப்பர் வளையத்தில் வாசனை இன்னும் போகவில்லை. அதை மட்டும் திரும்பக் கழுவவில்லை.