ஐப்டேசியாவுக்குச் சுண்ணாம்பு: கல்சியம் ஐதரொட்சைட்டுத் தூள் பற்றிய மதிப்பீடு

கடல்நீர்த் தொட்டியில் முருகை இனங்களை வளர்ப்பவர் எவராயினும் ஒரு கட்டத்தில் ஐப்டேசியா என்ற பீடை விலங்கோடு மல்லுக்கட்டியே ஆகவேண்டும். அதற்கென்று விற்கப்படும் மருந்து கொழும்பிலிருந்து கூரியரில் மட்டக்களப்புக்கு வந்து சேர்வதற்குள் தொட்டியில் அது இரண்டு மடங்காகிவிடுகிறது. ஆகவே இந்த மதிப்பீடு எந்தக் கம்பனியின் பெயரும் ஒட்டப்படாத ஒரு பொருளைப் பற்றியது. ஆய்வுகூடத் தரத்திலான கல்சியம் ஐதரொட்சைட்டுத் தூள், அதாவது நீற்றிய சுண்ணாம்புதான் அது. பாடசாலைகளுக்கு இரசாயனப் பொருட்கள் வழங்கும் நகரக் கடையொன்றில் அரைக் கிலோப் போத்தலாக வாங்கி, கல்லடி வீட்டிலுள்ள 200 லீற்றர் தொட்டியில் பாவித்து வருகிறேன்.

என் தொட்டியில் இருப்பவை சோவாந்திட், மஷ்ரூம், லெதர் ஆகிய மென்மையான இனங்கள் மட்டுமே. கல்முருகைகள் இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் அவை அடங்கும். நமது மாவட்டத்தின் காயாங்கேணிக் கடற்பகுதியே 2019 இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட பின்னர், 'ஒரு சிறு துண்டுதானே' என்று உடைத்து வரும் பழக்கத்துக்கு எந்த நியாயமும் இல்லை. எனவே அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு, சிவப்புப் பூச்சி முதலிய கல்முருகைப் பீடைகள் இந்த மதிப்பீட்டின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

ஐப்டேசியா ஒரு சிறு கடற்சாமந்தி. மெல்லிய பழுப்பு நிறமும், ஊடுருவிப் பார்க்கக்கூடிய உடலும், உச்சியில் நீண்ட பரிசக்கொம்புகளும் கொண்டது. லைவ் ரொக் எனப்படும், உயிரினங்கள் குடியிருக்கும் கடற்கல் துண்டோடோ சோவாந்திட் ஒட்டியிருக்கும் கல்லின் அடிப்பக்கத்திலோ ஒன்றே ஒன்று வந்தால் போதும். அதன் பாதத்திலிருந்து பிரிந்து கல்லில் தங்கும் ஒவ்வொரு சிறு இழையமும் தனி உயிராக வளர்ந்துவிடும். உடலுக்குள் ஒளித்தொகுப்புச் செய்யும் நுண்ணுயிர்ப் பாசிகள் வாழ்வதால், உணவு கொடுக்காமல் பட்டினி போட்டாலும் தொட்டி விளக்கின் வெளிச்சத்திலேயே அது பிழைத்துக்கொள்ளும். பக்கத்திலுள்ள சோவாந்திட் மீது அதன் கொட்டும் கலங்கள் பட்டால், அந்தச் சோவாந்திட் நாட்கணக்கில் மூடியே கிடக்கும். முருகைகளும் அவற்றுக்குள் வாழும் பாசிகளும் எவ்வாறு இணைந்து வாழ்கின்றன என்பதை ஆராய, விஞ்ஞானிகள் இதே ஐப்டேசியாவைத்தான் ஆய்வுகூடங்களில் வளர்க்கிறார்கள். 2015 இல் இதன் முழு மரபணுத் தொகுதியும் வெளியிடப்பட்டது. எளிதில் வளரும், எளிதில் சாகாது என்பதே அவர்களுக்கு வசதி. நமக்குத் தலைவலியும் அதுவே.

கத்தியால் சுரண்டுவது, விரலால் நசுக்குவது, ஊசியால் குத்திக் கிழிப்பது எல்லாம் அதைப் பெருக்கும் வழிகளே. அது இருக்கும் இடத்தில், முழு உடலோடு, ஒரே தடவையில் கொல்லப்பட வேண்டும். சுண்ணாம்பு அதைச் செய்யக்கூடியது. நிரம்பிய சுண்ணாம்புக் கரைசலின் பி.எச். ஏறத்தாழ 12.4. தொட்டி நீரிலோ அது 8.1 முதல் 8.4 வரைதான் இருக்கும். தடித்த கூழாக ஐப்டேசியாவின் வாயின் மீது விழும் சுண்ணாம்பு, மென்மையான இழையத்தைச் சில நிமிடங்களில் எரித்துவிடுகிறது. வேலை முடிந்தபின் மிஞ்சுவது கல்சியமும் காரத்தன்மையும் மட்டுமே. இவை இரண்டும் முருகைத் தொட்டிக்கு எப்படியும் தேவைப்படுபவை. வேற்று நஞ்சு எதுவும் நீரில் தங்குவதில்லை என்பதே இந்தப் பொருளின் மிகப் பெரிய பலம் என்பேன்.

வீட்டு வெற்றிலைத் தட்டத்திலேயே சுண்ணாம்பு இருக்கும்போது ஆய்வுகூடத் தூள் எதற்கு என்று நம்மூரில் எவரும் கேட்கத்தான் செய்வர். கேள்வி நியாயமானது. இரண்டும் அடிப்படையில் ஒரே சேர்வைதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் நிறமோ வாசனையோ சேர்க்கப்பட்டிருக்கலாம், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் பசை கலந்திருக்கலாம். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. திறந்து கிடக்கும் சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மெல்லமெல்லக் கல்சியம் காபனேற்றாக, அதாவது வெறும் சோக்குத் தூளாக மாறிவிடும். பார்வைக்கு வெண்மை குறையாது, காரம் மட்டும் போய்விடும். இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை போதும். ஒரு சிட்டிகைத் தூளில் சில துளி வினாகிரி விடவேண்டும். நல்ல சுண்ணாம்பு சத்தமின்றிக் கரையும். நுரைத்துப் பொங்கினால் அது காபனேற்றாகிவிட்டது, தொட்டிப் பக்கம் கொண்டுபோகத் தேவையில்லை. கடையில் வாங்கிய போத்தல் இந்தச் சோதனையில் தேறியது. அலுமாரியில் நெடுநாள் கிடந்த வெற்றிலைச் சுண்ணாம்பு நன்றாகவே நுரைத்தது. முன்னொரு காலத்தில் நமது கரையோரச் சூளைகளில் முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். இன்று முருகைத் தொட்டியைக் காக்க அதே பொருளைத் தேடிப் போகிறோம்.

பாவிக்கும் முறையில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்த பின்னரே தூளைத் தொடவேண்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தூளில் ஆர்.ஓ. நீரை (மென்சவ்வு வடியால் சுத்திகரித்த நீரை) துளித்துளியாகச் சேர்த்து, தயிர்ப் பதத்துக்குக் குழைக்கவேண்டும். தண்ணீர் கூடினால் பால்போல் பரவிப் பக்கத்திலுள்ள சோவாந்திட்டைச் சுடும், குறைந்தால் ஊசியில் அடைக்கும். பாமசியில் வாங்கும் ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சும், நுனி மழுக்கப்பட்ட தடித்த ஊசியும் போதுமானவை. பிறகு நீரோட்ட மோட்டர்கள் அனைத்தையும் நிறுத்தி, நீர் முற்றாக அசைவற்று நிற்கும்வரை பொறுத்திருக்கவேண்டும். மின்வெட்டு நேரம் இதற்கு மிக உகந்தது என்று நண்பர் ஒருவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மோட்டர்கள் தாமாகவே நின்றுவிடும், ஆனால் வெளிச்சமும் போய்விடுமே.

ஐப்டேசியா நன்றாக விரிந்திருக்கும் வேளையில், ஊசி முனையை மேலிருந்து மெதுவாக இறக்கி, உடலில் முட்டாமல் வாய்த்தட்டுக்கு நேர் மேலே நிறுத்தவேண்டும். முட்டினால் அது நொடியில் சுருண்டு கல்லின் துளைக்குள் போய்விடும், அன்றைக்கு மறுபடி வெளியே வராது. முதல் துளியை மிக மெல்ல விட்டால் பரிசக்கொம்புகள் அதை இரையென்று எண்ணி உள்நோக்கி வளைக்கின்றன. அந்தக் கணத்தில் மிச்சத்தை ஒரே சீராக அழுத்தி, உடலும் அடிப்பாகமும் மூடும்படி வெண்கூழால் நிரப்பிவிடவேண்டும். உடலின் பக்கங்களிலிருந்து வெள்ளை நூல்கள் வெளிப்படுவதைக் காணலாம். அவை கொட்டும் கலங்கள் நிறைந்த அதன் பாதுகாப்பு இழைகள். அவற்றின்மீதும் சுண்ணாம்பு படுமாறு பார்த்துக்கொள்வது நல்லது. கால்மணி நேரம் விட்டு, மெல்லிய குழாயால் வெள்ளைப் படிவை உறிஞ்சி எடுத்த பிறகே மோட்டரைப் போடவேண்டும். இந்தக் கடைசி வேலையைத் தவிர்த்தால், மிஞ்சிய படிவு நீரோட்டத்தில் எழுந்து எங்கோ இருக்கும் லெதரின் மீது போய் உட்காரும்.

அளவைப் பற்றி அலட்சியம் கூடாது. ஒரு கிராம் தூள் முழுவதும் கரைந்தால் 100 லீற்றர் நீரின் காரத்தன்மை ஏறத்தாழ 0.75 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) உயரும், பி.எச். உம் சட்டென்று ஏறும். இருபது முப்பது ஐப்டேசியாவை ஒரே மாலையில் தீர்த்துக்கட்ட முனைந்தால், அவற்றோடு இறாலும் நத்தையும் சேர்ந்து போகக்கூடும். என் தொட்டியில் ஒரு தடவைக்கு நான்கைந்து என்று வைத்திருக்கிறேன். அடுத்த தடவைக்கு முன்னர் காரத்தன்மையை அளந்து பார்க்கிறேன். பெரியவற்றை முதலில் தீர்ப்பதே என் வழக்கம், ஏனெனில் குஞ்சுகளைப் பரப்புவதில் அவைதான் முன்னணியில் நிற்கின்றன.

பலனைப் பொறுத்தவரை, கல்லின் வெளிமுகத்தில் திறந்தவெளியில் நிற்பவற்றில் பெரும்பாலானவை முதல் தடவையிலேயே ஒழிந்துபோகின்றன, அந்த இடத்தில் மறுபடி முளைப்பதும் அரிது. ஆழமான துளைக்குள் பாதத்தை வைத்திருப்பவற்றின் கதை வேறு. மேற்பாகம் கரைந்தாலும் அடியில் இழையம் மிஞ்சி, இரண்டு மூன்று கிழமைகளில் அதே துளையிலிருந்து ஒன்று, சிலவேளை இரண்டு மூன்று, எட்டிப் பார்க்கும். அவற்றுக்குக் கல்லையே வெளியே எடுத்து, துளையைச் சுண்ணாம்பால் அடைத்து, சிறிது நேரம் கழித்துத் தொட்டி நீரில் கழுவி வைப்பதே சரியான வழி. சோவாந்திட் கூட்டத்தின் நடுவே நிற்பவற்றுக்குச் சுண்ணாம்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். எவ்வளவு நிதானமாகச் செய்தாலும் அக்கம்பக்கத்தில் சில தலைகள் எரிந்தே தீரும்.

ரெட் சீ நிறுவனத்தின் ஐப்டேசியா-எக்ஸ் போன்ற தயாரிப்புகளுக்கு அங்கேதான் இடம் இருக்கிறது. அது 60 மில்லிலீற்றர் போத்தலாக, சிரிஞ்சோடு வருகிறது. கூழ் ஒட்டும் தன்மையோடு தடிப்பாக இருப்பதால் விட்ட இடத்தில் நிற்கிறது, கடற்சாமந்தியும் அதை விழுங்கிக்கொள்கிறது. சோவாந்திட்டுகளுக்கு இடையில் வேலை செய்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு காசுக்குத் தகுந்தது. தொட்டியில் மொத்தமே ஐந்தாறு ஐப்டேசியாதான் இருக்கிறது என்றாலும் குழைப்பு, சோதனை என்று அலையாமல் அதை வாங்கிக்கொள்ளலாம். இறக்குமதிப் பொருள் என்பதால் டொலரின் ஏற்ற இறக்கம் அதன் விலையில் தெரியும். அந்த விலையில் சுண்ணாம்பு எத்தனையோ போத்தல் வாங்கலாம்.

பெப்பர்மின்ட் இறாலை விட்டால் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. லைஸ்மட்டா பேரினத்தின் சில இனங்கள் உண்மையிலேயே ஐப்டேசியாவைத் தின்பவை, முக்கியமாகச் சுண்ணாம்பு எட்டாத குஞ்சுகளை. ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த, மீன்களின் உடலைச் சுத்தம் செய்யும் வெள்ளைக்கோட்டு இறாலும், இரத்தச் சிவப்பு இறாலும் ஐப்டேசியாவின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. ஒட்டக இறால் எனப்படும் வேறொரு சிவப்பு இறாலைப் பெப்பர்மின்ட் என்று சொல்லி விற்பது உலகெங்கும் நடக்கிற காரியம். அது சோவாந்திட்டையும் மஷ்ரூமையும் கொத்தித் தின்னும். பெப்பர்மின்ட்டின் உடலில் சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் மெல்லியதாக ஓடும், முதுகு ஓரளவு சீராக வளைந்திருக்கும். ஒட்டக இறாலுக்கு வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் தெளிவாகத் தெரியும், முதுகில் கூன் எழுந்து நிற்கும். கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல் இதைப் பார்த்து வாங்கவேண்டும்.

சுண்ணாம்பு எதற்கெல்லாம் உதவாது என்பதையும் சொல்லவேண்டும். சோவாந்திட்டைத் தின்னும் ஓடில்லாக் கடல் நத்தை, தான் தின்ற சோவாந்திட்டின் நிறத்தையே பெற்று அதனிடையே ஒளிந்திருப்பதால், அதைக் குறிபார்த்து அடிக்க முடியாது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட தட்டையான சுருள் ஓட்டோடு வரும் சண்டையல் நத்தையை இரவில் ரோர்ச் அடித்துக் கையால் பொறுக்குவதே போதும். இவற்றுக்கெல்லாம் புதிய துண்டைத் தொட்டியில் இடுமுன் அயடீன் கலந்த நீரில் முக்கி எடுப்பது பழகிய வழி. அந்த முக்கல் முட்டைகளைக் கொல்லாது என்பதால், கல்லின் அடியிலிருக்கும் வெள்ளைச் சுருள் முட்டைகளைச் சுரண்டி எடுத்து, ஒரு கிழமை கழித்து மறுபடியும் முக்கவேண்டும்.

ஐப்டேசியா மண்டிய கல்லைக் கொதிநீரில் போட்டு அவித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம். சோவாந்திட் இனங்கள் சிலவற்றில், முக்கியமாகப் பலித்தோவாவில், பலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டியுள்ள கல்லை அவித்த வீட்டார் அந்த ஆவியைச் சுவாசித்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட சம்பவங்கள் வெளிநாடுகளில் பலமுறை பதிவாகியுள்ளன. கைவிட்ட கல்லை வெளியே எடுத்து, நன்னீரில் ஊறவிட்டு, பிள்ளைகளும் நாயும் எட்டாத இடத்தில் வெயிலில் நெடுநாள் காயவிடுவதே பாதுகாப்பானது.

இனி வாங்க எண்ணுவோருக்கு. அரைக் கிலோ என்பது ஒரு வீட்டுத் தொட்டிக்கு மிகமிக அதிகம், இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதே சிக்கனம். சிறு போத்தல்களில் விளிம்புவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி வைக்கவேண்டும். நமது கரையின் ஈரக்காற்றில் பொலித்தீன் பையில் கட்டி வைத்த தூள் அதிக நாள் தாங்காது. ஐப்டேசியா ஒழிந்த பின்னரும் மிச்சத்தை எறியவேண்டியதில்லை. ஒரு லீற்றர் ஆர்.ஓ. நீரில் ஏறத்தாழ ஒன்றரைக் கிராம் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து, ஆவியாகும் நீருக்கு ஈடாக இரவில் சொட்டுச்சொட்டாக விட்டுவந்தால், கல்சியத்துக்கென்று வேறொரு மருந்து வாங்கும் செலவும் மிச்சமாகும்.